நாற்பத்திரண்டாவது ஜன்னல்

செவ்வாய்க்கிழமை காலை ஆறு நாற்பதுக்குக் கப்பலின் நாற்பத்தோரு ஜன்னல்களில் விடிந்தது. நாற்பத்திரண்டாவதில் விடியவில்லை. அது எஞ்சின்காரனின் அறை. கண்ணாடியை வெளியிலிருந்து கழுவிப் பார்த்தார்கள், மாற்றியும் பார்த்தார்கள். விடியாததால் அவன் எழவில்லை. தூக்கிவந்து மேல்தளத்து வெயிலில் கிடத்தினால் இருட்டும் போர்வையாகக் கூடவே வந்தது. சமையல்காரன் சூப் ஊட்டினான். அவன் தூக்கத்திலேயே விழுங்கினான்.

காரணம் கரையில் இருந்தது. அந்தக் கப்பலின் சிறு மாதிரியைக் கப்பல் கம்பெனிக்குச் செய்துகொடுத்தவள் அவன் மனைவி. வெள்ளை பெயின்ட் அடிக்குமுன் ஒவ்வொரு ஜன்னலையும் டேப்பில் வெட்டிய மிளகளவு வட்டத்தால் மூடவேண்டும். அடித்தபின் உரிக்கவேண்டும். அந்த வாரம்தான் அவன் ஒரு வார்த்தை சொல்லாமல் நெடும்பயணத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தான். ஒரு வாரம் இருட்டில் கிடக்கட்டும் என்று அவன் ஜன்னலை மட்டும் அவள் உரிக்கவில்லை.

உரித்த வட்டங்களை நாத்தனார் தட்டில் எண்ணினாள்.

"அண்ணி, ஒண்ணு குறையுதே."

"காத்துல பறந்திருக்கும்."

"கதவே தொறக்கலையே!"

நாத்தனாருக்கும் அண்ணன்மேல் கடுப்புதான். அதற்குமேல் கேட்கவில்லை. இவள் உரிக்காத வட்டத்தின் விளிம்பைப் பெயின்டால் நிரப்பி, நனைத்த எமரித் தாளால் தேய்த்து, பாலிஷ் போட்டாள். ஈ உட்கார்ந்தால் வழுக்கியது.

நான்காம் நாளே மாதிரி கம்பெனிக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டது. திறக்கச் சொன்னால் காரணம் சொல்லவேண்டும். அவள் சொல்லவில்லை. மாதம் ஒருமுறை சமையல்காரன் போன் செய்து, "அக்கா, அவரு இன்னும் எந்திரிக்கல" என்று போனைத் தூங்குகிறவன் மூக்கருகே பிடிப்பான். முதல் வருடம் அந்தக் குறட்டையைத் திருப்தியோடு கேட்டாள், இரண்டாம் வருடம் பழக்கத்தில். மூன்றாம் வருடம் குறட்டை மெலிந்தது. ஹேர் டிரையரும் பிளேடும் எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போய் உண்மையைச் சொன்னாள். மேனேஜர் சாவியைக் கொடுத்தார். ஒருமுறை துடைக்க வந்தவர் கை பட்டு மாதிரியின் ஏரியல் கம்பி வளைந்தபோது கடலில் இருந்த கப்பலிலும் வளைந்ததை அவர் அறிவார்.

"பெயின்ட் பிஞ்சா கப்பலோட பக்கமும் பிஞ்சிரும், பாத்துக்கம்மா" என்றார்.

நகத்தால் தடவினாள். விளிம்பு அகப்படவில்லை.

"இவ்வளவு வழவழன்னு செய்யச் சொல்லி யாரு அண்ணி கேட்டா?" என்றாள் கூட வந்த நாத்தனார்.

மனைவி தன் கன்னத்தை மாதிரியோடு ஒட்டி, கண்களை மூடி நகர்த்தினாள். ஓரிடத்தில் குறட்டை கேட்டது. அங்கே பிளேடு நுனியால் வட்டமாகக் கீறி, சூடுகாட்டி, டேப்பை அதன்மேலேயே மடித்து மயிரிழை மயிரிழையாக உரித்தாள். ஒன்றரை மணி நேரம் ஆனது. பெயின்ட் பிய்யவில்லை.

போன் அடித்தது. "அக்கா, விடிஞ்சிருச்சு!" என்றான் சமையல்காரன். பிறகு ஒரு நீண்ட கொட்டாவி. அதன்பின் கணவன் குரல்.

"ஏய், இவ்வளவு நேரம் ஏன் எழுப்பாம விட்ட?"