ஓடெல் எழுந்திருக்க வேண்டுமா?

1

இந்தக் கதையில் ஒரே ஒரு பேச்சுதான் நிஜம். கிடங்கில் என்னோடு இரவு வேலை பார்க்கும் லவெல் சொன்னது: "சர்ச்சுல அன்னிக்கு நான் வாயை மூடிட்டு ஒக்காந்திருக்கணும். எங்கப்பா விஷயம்." அதற்குமேல் அவன் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. மற்றதெல்லாம் நான் இட்டுக்கட்டியது. அவனுடைய அப்பாவைப் போல என் அம்மாவும் தெற்கே மிசிசிப்பியை விட்டு வடக்கே வந்தவள்தான். எதை எப்படி இட்டுக்கட்டுவது என்று எனக்குத் தெரியும்.

2

முதல் தொடக்கம்: பருத்தி வயல்களின் மேல் சூரியன் மெல்ல

வேண்டாம். லவெல் சூரியனைப் பார்க்கவில்லை. பெட்ரோல் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டாவது தொடக்கம்: வடக்கே இரும்பாலை நகரமான கேரியிலிருந்து லவெல் வண்டி ஓட்டி வந்தான். பக்கத்தில் அவன் அப்பா ஓடெல். பின்னால் லவெலின் மனைவி ரெனீட்டாவும் தூங்கும் இரண்டு பிள்ளைகளும். ஓடெல் பத்தொன்பது வயதில் லார்க்கின்ஸ் பெண்ட் என்ற தன் ஊரை விட்டு வடக்கே இரும்பாலைக்குப் போனவர். இப்போது எழுபத்து நான்கு வயது, நுரையீரலில் கட்டி. ஊர்ச் சர்ச்சின் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய அம்மாவுக்கும் தம்பிக்கும் நடுவில் ஓர் ஆள் படுக்கிற இடம் காலியாக இருக்கிறது. அது அவருக்கு வேண்டும். ஆனால் அங்கே சபையின் அங்கத்தினர்களை மட்டும்தான் புதைப்பார்கள்.

இதை அவர் மகனிடம் சொல்லவில்லை. [சொல்லியிருந்தால் கதை இல்லை என்பது ஒரு காரணம். ஓடெல் வாய்விட்டு எதையும் கேட்கிற ஆள் இல்லை என்பது இன்னொன்று.]

ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். பஞ்சாலையின் கூரை விழுந்திருந்தது. கடைத்தெருவில் திறந்திருந்தது பெட்ரோல் பங்க் மட்டும்தான். பொரித்த கோழியும் அங்கேதான். ரெனீட்டா கை கழுவப் போய் ஈரக் கையோடு திரும்பினாள்.

"கொழாய்ல தண்ணி செம்மண் கலர்ல வருது மாமா. இங்க மனுசங்க இருக்காங்களா?"

"இருக்காங்க. வேடிக்கை பாக்க வர்றவங்க கண்ணுக்குத் தெரிய மாட்டாங்க."

"உங்க ஊரச் சொன்னா மட்டும் காது நல்லா கேக்குது!"

3

ஆகஸ்டில் ஊர் திரும்பும் ஞாயிறு. போனவர்கள் எல்லாம் வந்து பெஞ்சுகளை நிரப்புகிற நாள். பாஸ்டர் அன்றும் வழக்கம்போல, "விருந்தாளிகள் எழுந்து பேரையும் ஊரையும் சொல்லுங்க" என்றார்.

ஓடெல் அசையவில்லை. அங்கத்தினர் எழுவதில்லை. கேரியில் ஐம்பத்தைந்து வருடம் இருந்தும் அவர் எந்தச் சர்ச்சிலும் சேரவில்லை; அவர் கணக்கில் இன்னும் இந்தச் சபைக்காரர்தான். உட்கார்ந்திருப்பதுதான் அவருடைய மனு.*

* இந்த வரியை மூன்று முறை அடித்து மூன்று முறை திரும்ப எழுதினேன். அழகாக இருப்பதால் சந்தேகம். ஆனால் உண்மை, அதனால் இருக்கட்டும்.

லவெல் வடக்கே வளர்ந்தவன், மரியாதை தெரிந்தவன். அப்பாவுக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு எழுந்தான்.

"நான் லவெல் டார்ப்ளி, கேரியிலேருந்து வர்றோம். இது என் சம்சாரம் ரெனீட்டா, எங்க பசங்க. இவரு எங்கப்பா ஓடெல்." அப்பாவின் முழங்கைக்கு அடியில் கைகொடுத்துத் தூக்கினான். "எந்திரிங்கப்பா."

முன்வரிசையில் ஒரு வெள்ளைத் தொப்பி திரும்பியது. வெர்னீஸ், ஓடெலின் சித்தப்பா மகள்.

"இவன் விருந்தாளியா தம்பி?"

"ஆமாங்க அத்தை, நாங்க எல்லாருமே..."

"கேட்டியா ஓடெல்? ஒம் மகனே சொல்லிட்டான்."

"அவனுக்கு என்ன தெரியும்? நானா எந்திரிச்சேன்?"

"ஒங்கம்மா கல்லறையில வருசா வருசம் புல்லு வெட்டுறது யாரு? நான். ஒந்தம்பிக்குக் குழி தோண்டுனன்னிக்கு நீ எங்க இருந்த?"

"ஆலையில. லீவு தரல."

"அடேங்கப்பா, நீ இல்லாம இரும்பு உருகாதோ?"

யாரோ சிரித்தார்கள். பெஞ்சுகளில் கைவிசிறிகள் நின்றன. அப்பா ஏன் எழவில்லை என்று லவெலுக்கு அப்போதுதான் விளங்கியது. ஆனால் கையை எடுக்கவும் தெரியவில்லை, தூக்கவும் தெரியவில்லை.

"ஒண்ணு எந்திரி, இல்ல ஒக்காரு" என்றாள் வெர்னீஸ். "பாஸ்டர் காத்துட்டிருக்காரு."

4

முதல் முடிவு: உட்கார்ந்துவிடுகிறார், சபை கைதட்டுகிறது. அடித்துவிட்டேன். அத்தனை வருடம் புல் வெட்டியவள் வெர்னீஸ். அவளுடைய கைதட்டலை நான் எடுத்துக் கொடுக்க முடியாது.

இரண்டாவது முடிவு: எழுந்து பேரும் ஊரும் சொல்கிறார். வரவேற்புப் பாட்டுப் பாடுகிறார்கள். பிறகு ஒருநாள் கேரியில், நெடுஞ்சாலைக்குப் பின்னால் ஒரு கல்லறைத் தோட்டத்தில் யாரென்றே தெரியாதவர்களுக்கு நடுவில்

இது நம்பும்படி இருக்கிறது. ஆனால் எழுதும்போது அவருடைய முழங்கையில் என் கையும் இருந்தது.

மூன்றாவது முடிவு: வெளியே போய், அம்மாவின் கல்லறையில் கோட்டோடு புல் வெட்டு... சீ. புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும்.

5

இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை. எழுதத் தெரியாமல் இல்லை. லவெல் செய்ததையே நானும் செய்ய மாட்டேன், அவ்வளவுதான்.

நீங்களும் அதே பெஞ்சில்தான் இருக்கிறீர்கள், அவருக்கு மறுபக்கம். ஓடெல் பாதி எழுந்த நிலையில் நிற்கிறார், முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு. மூச்சு வாங்குகிறது. எழுபத்து நான்கு வயது முழங்கால் ரொம்ப நேரம் தாங்காது.

எழ வேண்டுமா, உட்கார வேண்டுமா? சீக்கிரம் சொல்லுங்கள்.