போர்வைக்கு ஒரு ஜாமீன்

மாடிவீட்டு மேசைமேல் விரித்திருந்த ஒட்டுப்போர்வையை அருங்காட்சியகப் பெண் அதிகாரி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். தபால்காரரின் காக்கி, நர்சின் வெள்ளை, பள்ளிக்கூட நீலம், சுமை தூக்குபவரின் சிவப்பு. சீருடை தைக்கும் கடையில் கழித்துப்போட்ட துண்டுகளை ஒன்றுசேர்த்து அந்த வீட்டுக்காரி தைத்தது. தைத்தவள் போன வருடம் இறந்துவிட்டாள். உழைப்பவர்களைப் பற்றிய கண்காட்சியில் அதை முதல் கூடத்தில் வைக்கப்போகிறார்கள். வண்டி வாசலில் நின்றது.

"இந்த ஓரத்துல இஸ்திரிப் பெட்டி சுட்ட தடம் இருக்கு, குறிச்சுக்கிட்டேன். இனிமே ஏதாவது ஆச்சுன்னா அரசாங்கம் ஈடு குடுக்கும். நீங்க ஒரு மதிப்பு சொல்லுங்க சார்."

இறந்தவளின் கணவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். கண்ணாடியைக் கழற்றினார்.

"ஈடா? அவளுக்கு எங்க இருக்கும்மா ஈடு?"

"அப்பா, போர்வைக்குத்தான் கேக்கறாங்க," என்றாள் மகள்.

"போர்வை வேற, உங்கம்மா வேறயா? வெல சொல்றதுக்கு இது என்ன வெங்காயமா? மடிச்சு உள்ள வை."

மகள் போர்வையை மடிக்கவில்லை. அரசு பொறுப்பேற்காமல் எந்தப் பொருளும் வண்டியில் ஏறாது என்று அதிகாரி முதலிலேயே சொல்லியிருந்தார். அம்மாவின் கைவேலை மறுபடியும் அலமாரிக்குள் போய்விடும்.

அதிகாரி நினைத்திருந்தால் எழுந்து போயிருக்கலாம். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"தப்பு என்னோடதுதான் சார். ஆபீஸ்ல சொல்லிச் சொல்லி அந்த வார்த்தை வாயில ஒட்டிக்கிச்சு. இது ஜாமீன் மாதிரி. பொருள் உங்க வீட்டுக்குத் திரும்பி வர்ற வரைக்கும் அதுக்கு அரசாங்கம் ஜாமீன் நிக்கும். மதிப்ப எங்க குழு போட்டுக்கும். அது துணிக்கு மட்டும்தான். அவங்களுக்கு இல்ல."

"யாரு நிக்கும்?"

"அரசாங்கம் சார்."

கணவர் போர்வையின் ஓரத்தைப் புரட்டினார்.

"இதுல ஒரு மெஷின் தையலாவது இருக்கா பாருங்க."

"இல்ல சார். எல்லாம் கைத்தையல்."

"ஏன்னு கேளுங்க. கல்யாணமான புதுசுல தவணையில ஒரு தையல் மெஷின் கேட்டா. கடைக்காரன் ஜாமீன் கையெழுத்து வேணும்னான். நான் அப்ப தற்காலிக டிரைவர், என் கையெழுத்து செல்லாது. என் மச்சான் இருக்கானே, அவ கூடப்பொறந்த அண்ணன், விரல் சுளுக்கிக்கிச்சுன்னு சொல்லிட்டான்! கையெழுத்துப் போடற விரல் மட்டும்!" சிரித்தார். கண் நிறைந்திருந்தது. "ஊசி போதுங்கன்னு சொல்லிட்டா. அதுக்கப்புறம் அவ வாயிலேர்ந்து மெஷின்ங்கற வார்த்தையே வரல."

ஏற்ற சொல்லோடு ஏற்ற நேரத்தில் ஒருவரைக் கடவுள் வாசலுக்கு அனுப்பிவைக்கிறார் என்று மகள் நினைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு ஒரு ஆளு கெடைக்கல. இன்னைக்கு கவர்ன்மெண்டே நிக்குதா என் பொண்டாட்டிக்கு?" சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க போடணும்மா கையெழுத்து?"

வெள்ளைக் கையுறை போட்ட இருவர், போர்வையை அகலமான தட்டில் கிடத்தி, மாடிப்படியில் அடிமேல் அடி வைத்து இறங்கினார்கள். அவர் மேல்படியில் நின்று குரல் கொடுத்தார்.

"வழி விடுங்கப்பா! கவர்ன்மெண்ட் ஜாமீன்ல போறா!"

கீழ்வீட்டுக்காரர் பாதி சவரத்தோடு கதவைத் திறந்தார். தட்டு நெருங்கியதும் சுவரோடு ஒட்டி நின்று, ஏனென்று தெரியாமலே, சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டார்.