நாலாம் பட்டை

புயல் ஓய்ந்த மறுநாள் காலையிலேயே ஒதிலியா கடல் அரித்துச் செங்குத்தாக நின்ற மண்சுவருக்கு அடியில் நின்றுகொண்டிருந்தாள். நின்றாள் என்று சொல்வதுகூடப் பொய். நாலடி நடப்பாள், சுவரைப் பார்ப்பாள், திரும்பி அலையைப் பார்ப்பாள், மறுபடி நாலடி நடப்பாள். தென்கிழக்குக் காற்று மூன்று நாள் ஆடிய ஆட்டத்தில் முப்பது வருடச் சரிவு மொத்தமும் கடலுக்குள் போய், சுவரின் மண் அடுக்குகளில் நாலாம் பட்டை வெளியே வந்திருந்தது. ஒரு முழ உயரத்துக்குப் பழுப்பு மண், அவ்வளவுதான். அவள் பிழைப்பு முழுக்க அந்த ஒரு முழத்தின் மேல்தான் நின்றது.

முப்பத்திரண்டு வயதில் இதே பட்டையைச் சுரண்டி வாயில் போட்டு முன்பற்களால் கடித்துப் பார்த்தாள். மண் ஆராய்ச்சிக்காரர்கள் செய்கிற வேலைதான். நறநறத்தால் அது காற்று கொண்டுவந்து கொட்டிய தூசு, வறண்ட காலம். வெண்ணெய் மாதிரி வழுக்கினால் களி. மழை பெய்து, புல் மண்டி, ஆயிரக்கணக்கான வருடம் மண் பழுத்த காலம். அன்று வழுக்கியது. குறிப்பேட்டில் ‘களி’ என்று எழுதினாள். அந்த வாரமே மேல்மண் சரிந்து பட்டையை மூடிவிட்டது. எடுத்த மாதிரிகளும் ஊர் திரும்பும் வழியில் ஜீப்போடு ஓடையில் முழுகின. மிஞ்சியது அந்த ஒரு சொல். அதை வைத்துப் பதினேழு கட்டுரை, பேராசிரியர் பதவி, இப்போது பாம்பா சமவெளியின் மழைக்காலத்தைப் பற்றி ஒரு தடித்த புத்தகம். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. இன்று சனி.

இந்த லட்சணத்தில் போன குளிர்காலத்தில்தான் பற்களையெல்லாம் எடுத்துவிட்டுப் பல்செட்டு மாட்டிக்கொண்டாள். ஒருவருக்கும் சொல்லவில்லை. விடிந்ததிலிருந்து எட்டுத் தடவை மண்ணைக் கடித்தாயிற்று. பல்செட்டுக்குத் தூசும் ஒன்றுதான், களியும் ஒன்றுதான்; எதைக் கடித்தாலும் கடகடக்கும். விரலில் தேய்த்தும் பார்த்தாள். சுத்தியல் பிடித்துக் காய்த்துப்போன அறுபத்து நாலு வயது விரல், அது மட்டும் என்ன சொல்லிவிடும்?

வேறு வழியில்லாமல் எவரிஸ்தோவுக்குப் போன் போட்டாள். அவன் அதே துறைக்காரன், அவளுடைய முன்னாள் கணவன். நாலாம் பட்டை வெறும் தூசு என்று எல்லாக் கருத்தரங்கிலும் முன்வரிசையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருப்பவன். விவாகரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று இருவரும் சொல்வார்கள். யாரும் நம்பியதில்லை.

கக்கத்தில் ஃபிளாஸ்க், கையில் மாத்தே இலைத் தேநீர்க் குடுவை சகிதம் அவன் இறங்கி வந்தான்.

“என்ன தாயே, காலங்காத்தால கூப்பாடு? தோத்துட்டேன்னு சொல்லவா?”

“வாயை மூடு. இல்ல, வாயைத் திற. இதைக் கடிச்சுப் பாரு.”

“நீ கடிச்சியா?”

“கடிச்சேன்.”

“என்ன சொல்லுச்சு?”

அவள் நாலடி நடந்து திரும்பினாள். அலை அவள் பூட்ஸை நனைத்துவிட்டுப் போனது.

“லேபுக்கு அனுப்பேன்,” என்றான் அவன். “ மூணே மாசம்.”

“மூணு மாசமா? எனக்கு மூணு நிமிஷம் தாங்கலய்யா! திங்கக்கிழமை புக்கு போகுது. புதன்கிழமை கரைக்குப் பாறை கொட்டி இதை மூடப் போறாங்க.”

“அப்ப நீயே முடிவு பண்ணு. உன் பல்லைத்தானே ஊரே நம்புது.”

அவள் சட்டென்று பல்செட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். கன்னம் இரண்டும் உள்ளே போய்விட்டன. வெட்கத்தில் காது வரைக்கும் சுட்டது. எவரிஸ்தோ சிரிக்கவில்லை. அவன் சிரித்திருந்தாலாவது தேவலை என்று அவளுக்கு இருந்தது.

அவன் ஃபிளாஸ்க் தண்ணீரில் வாயைக் கொப்பளித்தான். கத்தி முனையால் பட்டையின் நடுவில் கொஞ்சம் சுரண்டி முன்பற்களுக்கு இடையில் வைத்தான். மெதுவாகக் கடித்தான், மிக மெதுவாக. அலை பின்வாங்கியிருந்த நேரம். அந்த அமைதியில் நற, நற என்று கேட்டது.

அவன் துப்பிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டான்.

“வெண்ணெய் மாதிரி வழுக்குது. இத்தனை வருஷமும் நான்தான் தப்பு. நீ சொன்னதுதான் சரி, ஒதி.”

இந்த ஒரு வார்த்தைக்காக அவள் எத்தனை வருடம் ஏங்கியிருக்கிறாள்! இப்போது வந்தது, ஒன்றுக்கும் உதவாமல். அவன் மேல் கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில், இவனை ஏன் விட்டோம் என்று ஒரு வலியும் வந்தது. அன்று மண் உண்மையிலேயே வழுக்கியதா, வழுக்க வேண்டும் என்று தான் ஆசைப்பட்டோமா என்று யோசித்தாள். தெரியவில்லை.

பல்செட்டை மறுபடி மாட்டிக்கொண்டாள். குறிப்பேட்டைப் பிரித்து நாலாம் பட்டைக்கு நேரே ‘தூசு’ என்று எழுதினாள். பிறகு பதிப்பாளரைப் போனில் கூப்பிட்டாள்.

“அச்சுக்கு அனுப்பாதீங்க. அஞ்சாம் அத்தியாயத்துல ஆரம்பிச்சு எல்லாம் தப்பு. ஆமாங்க, மொத்தமும்.”

எவரிஸ்தோவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

“ஏய், என்ன காரியம் பண்ற? நான்தான் கடிச்சுப் பாத்துச் சொல்றேனே!”

“பல்லுதான்யா போச்சு,” என்றாள் ஒதிலியா. “காது இன்னும் என்னுதுதான்.”