படம் மாதிரி இல்லை

"மெதுவாடா, அந்தப் பக்கம் வலிக்கும்" என்றாள் அக்கா. சொன்ன பிறகுதான் அப்பாவுக்கு இனி எதுவும் வலிக்காது என்பது அவளுக்கே உறைத்தது. வெந்நீர்க் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினாள்.

அவன் அப்பாவின் இடது தாடையிலிருந்த வீக்கத்தைச் சுற்றி ரேசரை இழுத்தான். முன்னறையில் நாற்காலி போடுகிற சத்தம் கேட்டது. வெளியூரிலிருந்து அத்தை வந்து சேர்ந்ததும் எடுத்துவிட வேண்டும்.

"ஒரு வார்த்தை யார்கிட்டயாவது சொன்னாரா இந்த மனுஷன்? எல்லாம் முத்திப் போனப்புறம்தானே தெரிஞ்சுது. உன்கிட்ட காட்டியிருந்தாக்கூட நீ கண்டுபிடிச்சிருப்ப."

அவன் ரேசரைத் தண்ணீரில் அலசினான். காட்டினார். அவனிடம் மட்டும்தான் காட்டினார்.

சிகரெட் அட்டை அச்சடிக்கிற பிரஸ்ஸில் மெஷின் ஓட்டுகிறவன் அவன். அட்டையில் பாதிக்கு மேல் எச்சரிக்கைப் படம்; புற்று தின்ற வாய். கம்பெனிக்காரர்கள் கையெழுத்துப் போட்ட மாதிரித் தாள் பக்கத்திலேயே தொங்கும். ஓடுகிற மெஷினிலிருந்து ஒரு தாளை உருவி, லென்ஸ் வைத்து, புண்ணின் சிவப்பு மாதிரியோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒத்தால் பாஸ், இல்லாவிட்டால் கழிவு. அந்த வாயைப் பார்த்துக்கொண்டேதான் டிபன் பாக்ஸைத் திறப்பான். டீ நேரத்தில் அதே படம் போட்ட பெட்டியிலிருந்து ஒன்றை உருவிப் பற்றவைப்பான். பயமுறுத்தத்தான் அத்தனை பெரிதாகப் போடுகிறார்கள். பயந்தவன் ஒருத்தனையும் அவன் பார்த்ததில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டதென்று அவசரமாக ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். அப்பா கன்னத்தை விரலால் இழுத்துப் பிடித்தபடி எதிரே வந்து நின்றார்.

"இத கொஞ்சம் பாரேன். தினம் பாக்கறவன் நீ. அதுவா இருக்குமோ?"

உள்பக்கம் வெள்ளையாக, நகத்தளவு ஒரு திட்டு. அவன் ஒன்றும் ஏனோதானோவென்று பார்க்கவில்லை. செல்போன் வெளிச்சத்தை அடித்து, மனதிலிருந்த மாதிரித் தாளோடு ஒப்பிட்டே பார்த்தான். சிவப்பு இல்லை, ஓரம் கிழியவில்லை.

"அதெல்லாம் இல்லப்பா. அந்தப் படம் மாதிரி இல்லவே இல்ல. பல்லு உரசியிருக்கும்."

"அதானே பாத்தேன்!" என்றார் அப்பா. முகமெல்லாம் சிரிப்பாக வாசலுக்குப் போய் ஒன்றைப் பற்றவைத்தார். பெற்ற அப்பனை பாஸ் பண்ணி அனுப்பிவிட்டு அவன் வேலைக்குப் போனான்.

அக்கா அப்பாவின் முகத்தைத் துண்டால் ஒற்றி முடிப்பதற்குள் அத்தை அழுதுகொண்டே உள்ளே வந்துவிட்டாள். "என் தம்பிய இப்படிப் போக விட்டுட்டீங்களே! வீட்டுல இத்தனை பேரு இருந்தும் ஒருத்தர் கண்ணுலயுமா படல?"

அவனைப் பார்த்துத்தான் கேட்டாள். அக்கா முந்திக்கொண்டாள்.

"இவனை ஒண்ணும் கேக்காதீங்க அத்தை. வேலைக்குக்கூடப் போகாம ராப்பகலா கூடவே இருந்தவன் இவன்தான். இவனுக்குத் தெரிஞ்சிருந்தா விட்டிருப்பானா?"

சொல்லிவிடுவது என்றுதான் அவன் நிமிர்ந்தான்.

"அத்தை..."

இரண்டு பேரும் அவனையே பார்த்தார்கள்.

"காபி குடிக்கிறீங்களா?"

அத்தை அவனை இழுத்து அணைத்துக்கொண்டாள். "இந்த நேரத்துலயும் எனக்குக் காபி கேக்கறான் பாரு. அப்படியே அவங்கப்பன் மனசு" என்று அவன் தோளில் முகம் வைத்து அழுதாள். அவன் விலகவில்லை. சோப்பு நுரை காயாத கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் தூக்கிப் பிடித்தபடி நின்றான்.