காமன் பொட்டலில் ஒரு பூங்கா

ஓயா என்னும் ஓடையின் கரையைப் பூங்காவாக்க வேண்டும் என்று தேயிலைத் தோட்டத்துப் பெரிய துரைக்கு ஆசை வந்ததில் தப்பில்லை. அங்கே நிற்கும் நாகமரமும் சண்பகமும் பார்க்கிற யாருக்கும் அந்த ஆசையை உண்டாக்கும். பெஞ்சு போட்டார், புல் பதித்தார், கம்பி வேலியும் கட்டினார். லயத்து வரிசை வீடுகளின் ஜனங்கள் அந்த இடத்தைக் காமன் பொட்டல் என்று சொல்வதை மட்டும் யாரும் அவர் காதில் போடவில்லை. போட்டிருந்தால் கேட்டிருப்பாரா என்பது வேறு விஷயம்.

மாசி அமாவாசை கழிந்ததும் வழக்கம்போல அங்கே காமன் மரத்தை நட்டுவிட்டார்கள், அதுவும் புதுப்புல்லின் நட்ட நடுவில். ஆமணக்கும் அரசங்கொம்பும் சேர்த்து வைக்கோல் சுற்றி, வறட்டி கட்டிய கம்பம் அது. பௌர்ணமி அந்தியில் சிவன் காமனை எரிப்பார். அதுவரை கம்பத்தை யாரும் தொடக் கூடாது. ரதி வேஷம் கட்டும் பழனியாண்டி கையில் காப்பு கட்டியிருந்தார்கள். காமன் எரியும்வரை அவன் தோட்டத்து எல்லையையும் தாண்டக் கூடாது. கொடுமை என்னவென்றால், துரை பங்களாவின் தோட்டக்காரனும் அவன்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலை மேற்பார்க்கும் கண்டாக்கு மரியநாயகம், பொட்டலில் புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பழனியாண்டியிடம் வந்தார்.

“நோட்டன் பிரிட்ஜ் அணைக்கட்டுல இருந்து இஞ்சினியர்மாரு சாயந்தரம் வாராங்க. அதுக்குள்ள இதப் புடுங்கிறணும்னு தொரை உத்தரவு.”

“யாருங்கய்யா புடுங்கறது?”

“நீதான். இல்லாட்டி பத்துச்சீட்டு.”

பத்துச்சீட்டு கையில் விழுந்தால் வேலையும் போச்சு, லயத்துக் காம்பராவும் போச்சு. வீட்டில் பெண்டாட்டி பூரணி நிறைமாதம்.

மத்தியானம் சோறு போட்டபடியே அவள் சொன்னாள்: “புடுங்கிப் போடுங்க. காமன் கோவிச்சா கையெடுத்துக் கும்பிட்டுக்கலாம். தொரை கோவிச்சா நடுரோட்டுல நிக்கணும். பாவம் புடுங்கச் சொன்னவரோட போகட்டும்.”

நியாயமான பேச்சுதான். மம்பட்டியை எடுத்துக்கொண்டு போனான். கம்பத்தடியில் நின்றான். ஓங்கக் கை வரவில்லை. வேலிக்கு வெளியே லயத்து ஆட்கள் சேர ஆரம்பித்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

அப்படி நின்றுகொண்டிருக்கும்போதே கார்கள் வந்துவிட்டன. கம்பம் நிற்பதைக் கண்டதும் துரையின் முகம் ஜிவுஜிவென்று சிவந்தது. ஆனால் விருந்தாளிப் பெண் ஒருத்தி கம்பத்தைச் சுற்றிச் சுற்றி வந்து துரையிடம் என்னவோ கேட்டாள். துரை கண்டாக்கைக் கேட்டார். எரிக்கப் போகிற கம்பம் என்று தெரிந்ததும் அவள் குழந்தை மாதிரி கை தட்டினாள். துரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மரியநாயகம் பழனியாண்டியின் காதருகே வந்தார். “தப்பிச்சடா. புடுங்க வேணாமாம். இப்பவே கொளுத்திக் காட்டினாப் போதுமாம், சீட்டு இல்ல.”

எப்படியும் எரிகிற கம்பம்தானே என்று மனசு குறுக்குவழி காட்டியது. ஒரு வாரம் முந்தினால் காமன் என்ன காலண்டரா பார்க்கப் போகிறான்? யாரோ பந்தத்தைப் பற்றவைத்து அவன் கையில் கொடுத்தார்கள். ஓரடி எடுத்து வைத்தான். பந்தத்திலிருந்து ஒரு பொறி வைக்கோலுக்குப் பக்கத்தில் விழுந்து அணைந்தது.

“ஏங்க!”

வேலிக்கு அந்தப் பக்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற பூரணிதான்.

“புடுங்கினா தொரையோட பாவம்னேன். காப்புக் கட்டின கையால வேடிக்கைக்குக் கொளுத்தினா நம்ம பாவங்க! போட்டுருங்க அத!”

பழனியாண்டி பக்கத்திலிருந்த பூவாளித் தண்ணீரில் பந்தத்தை முக்கினான். புஸ்ஸென்று அணைந்தது. பிறகு, யாரும் தடுப்பதற்குள், பூவாளியைத் தூக்கி மிச்சத் தண்ணீரையெல்லாம் கம்பத்தின் மேல் ஊற்றினான்.

“பௌர்ணமிக்குத்தாங்க எரியும், தொரை,” என்றான். குரல் உடைந்துதான் வந்தது, ஆனால் வந்தது.

“இவன் போகணும். இன்னிக்கே!” என்று துரை கத்தினார்.

மரியநாயகம் தொப்பியைக் கழற்றினார். அவர் மாதாகோயில்காரர், காமனைக் கும்பிடுகிறவர் இல்லை. ஆனாலும் வேலியோரம் நின்ற கூட்டத்தைக் காட்டி இங்கிலீஷில் தணிந்த குரலில் என்னவோ சொன்னார். இன்றைக்கே அனுப்பினால் நாளைக் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் ஒரு ஆளும் வந்து நிற்காது என்பதுதான் விஷயம். துரை பல்லைக் கடித்தார். கடைசியில், பௌர்ணமி வரைக்கும் இருக்கலாம், மறுநாள் விடியும்போது லயத்தில் இருக்கக் கூடாது என்று தீர்ந்தது.

பௌர்ணமியன்று காமன் எரிந்தான். ஈரம் காய்ந்து நன்றாகவே பற்றியது. ரதி அழுத அழுகையில் பொட்டலே கலங்கிப்போனது. அழுதது வேஷமில்லை என்று எல்லாருக்கும் தெரியும். விடிவதற்குள் தகரப் பெட்டியும் நிறைமாதப் பெண்டாட்டியுமாகப் பழனியாண்டி மஸ்கெலியா ரோட்டில் இறங்கிவிட்டான்.

எரிந்த மூன்றாம் நாள் காமனுக்கு உயிர் கொடுத்து ரதி கையில் ஒப்படைப்பது வழக்கம். அந்த வருஷமும் காமன் எழுந்தான். வாங்கிக்கொள்ளத்தான் ரதி இல்லை.