பையையும் எடுத்துக்கோ

பதினொன்றே காலுக்கு டாட் பெட்ரி டாக்சியைப் பள்ளி வாசலில் நிறுத்தி என்ஜினை அணைத்தான். கடற்காற்றில் மழை சாய்வாக அடித்தது. பக்கத்தில் இருந்த நெட்டா கௌர்லே கழுத்தில் தொங்கிய அட்டையைக் கோட்டுக்குள் தள்ளிக்கொண்டாள். ஊராட்சிக் கவுன்சிலின் பராமரிப்பில், வளர்ப்பு வீடுகளில் இருக்கும் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவரும் துணையாள் என்பதற்கான அட்டை. இருபத்தாறு வருடம் ஃப்ரேசர்பரோ துறைமுகத்து ஆலையில் மீனுக்குக் குடல் எடுத்தவள். ஆலை மூடிய பிறகு இந்த வேலை.

"இதோட நாலாவது செவ்வாய்க்கிழமை," என்றாள்.

"என்னது?"

"இந்தப் பொண்ணைப் பாதியில அனுப்பறது. திங்கள்ல இல்ல, வெள்ளியில இல்ல. அதென்ன செவ்வாய்?"

"உனக்கெதுக்கு அந்தக் கவலை? கூப்பிட்டாங்க, வந்தோம். கூட ஒரு ஓட்டம், கூட ஒரு கூலி."

"இருந்தாலும் ஏன்னு ஒண்ணு இருக்குல்ல."

டாட் சிரித்தான். அடுத்த வீட்டுச் சட்டியில் என்ன வேகிறது என்று தெரியாவிட்டால் நெட்டாவுக்குத் தன் வீட்டுச் சாப்பாடு இறங்காது. அது அந்தத் தெருவுக்கே தெரியும்.

உள்ளே வரவேற்பறைச் சுவரில் ஒரு பலகை. வாரா வாரம் எண்ணை மாற்றுகிற மாதிரி செய்தது. 'பராமரிப்பில் உள்ள மாணவர்கள், இந்த ஆண்டு பள்ளி நீக்கம்: 0.' அதன் கீழே கென்ஸி நின்றாள். ஒன்பது வயது, கன்னமெல்லாம் அழுத கோடு. தலைமையாசிரியை மிஸஸ் மட்ச் அவள் தோளில் கை வைத்திருந்தார்.

"நாற்காலியைத் தூக்கி எறிஞ்சுட்டா. வீட்டுக்குப் போய் ஆறிட்டு நாளைக்கு வரட்டும்."

"அப்போ இது நீக்கம்தானே மேடம்?"

"சேச்சே. நீக்கம்னா கடிதம் போகணும், கூட்டம் கூட்டணும், கவுன்சில் கணக்குல ஏறும். இது சும்மா ஆற விடறது."

போன செவ்வாயும் ஆறத்தான் விட்டார்கள், அதற்கு முந்தின செவ்வாயும். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று நெட்டா மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

வண்டியில் கென்ஸி பையைக் கீழே வைக்கவில்லை. இரண்டு பட்டைக்குள்ளும் கையை நுழைத்து மடியில் கட்டிக்கொண்டிருந்தாள். வீட்டு வாசலில் வளர்ப்புத்தாய் லோர்னா நின்றாள், பேக்கரி ஏப்ரனோடு. மாவுக் கையைத் துடைக்கக்கூட நேரமில்லாமல் ஓடி வந்திருந்தாள்.

"இன்னொரு தடவை இப்படி ஓடினா வேலைக்கே வராதேன்னுடுவான் பேக்கரிக்காரன், நெட்டா. யாரும் இல்லாத வீட்டுல இவளை எப்படி விடறது?"

"நான் பாக்கறேன், இரு," என்றாள் நெட்டா. என்ன பார்க்கப் போகிறாள் என்று அவளுக்கே தெரியாது.

மறுநாள் மாலை வகுப்பாசிரியை மிஸ் இம்லாக்கை பள்ளி வாசலில் மடக்கினாள். வேலைக்கு வந்து முதல் வருடம். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"மிஸ், செவ்வாய்க்கிழமை காலையில அப்படி என்னதான் நடக்குது?"

"ஒண்ணுமே இல்லைங்க. மியூசிக் வகுப்பு. அது அந்தப் பக்கத்துக் கட்டடத்துல. அதனால வரிசையா நில்லுங்கன்னு சொல்வேன். உடனே இவ மேசைக்கு அடியில போயிடறா. வெளியே கூப்பிட்டா நாற்காலி பறக்குது."

"மியூசிக் பிடிக்கலையோ?"

"அங்கே டிரம்ஸ்தான். அது இவளுக்கு உயிர். அதான் எனக்கும் புரியல."

நெட்டாவுக்கு அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. டிரம்ஸ் உயிர், ஆனால் டிரம்ஸுக்குக் கூப்பிட்டால் மேசைக்கு அடியில். இது எந்த ஊர் நியாயம்?

விடை வெள்ளிக்கிழமை வந்தது, அதுவும் அவள் வாய் தவறி. லோர்னா வீட்டு வாசலில் வண்டி நின்றது. கென்ஸி நல்ல மூடில் இருந்தாள். பள்ளியில் செய்த காகிதத் திமிங்கலத்தைத் தூக்கிப் பிடித்தபடி இறங்கிக் கொண்டிருந்தாள். பை சீட்டிலேயே கிடந்தது.

"கென்ஸி, பையையும் எடுத்துக்கோ."

பெண் அப்படியே நின்றாள்.

"எங்கே போறோம்?"

"எங்கேயும் இல்ல கண்ணு. இது உன் வீடுதானே?"

"அப்போ பை எதுக்கு?"

நெட்டா வண்டியை விட்டிறங்கி, மழையிலேயே அவள் முன்னால் குனிந்து உட்கார்ந்தாள். டாட் ரேடியோவை அணைத்தான். கென்ஸி திமிங்கலத்தின் வாலை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டே சொன்னாள். பான்ஃபில் வேறொரு வீட்டில் இருந்தபோது, கணக்குப் பாடத்தின் நடுவே கவுன்சிலிலிருந்து யாரோ ஒரு அம்மா வகுப்பு வாசலுக்கு வந்தாள். பையையும் எடுத்துக்கோ என்றாள். கென்ஸி எடுத்துக்கொண்டு போனாள், அந்த வீட்டுக்குத் திரும்பவே இல்லை. அந்த வீட்டில் டஃபி என்று ஒரு நாய்.

"அதுகிட்ட சொல்லிக்கவே இல்ல. அப்புறம் கீத்ங்கற ஊர்ல. அங்கேயும் அதேதான் சொன்னாங்க. அப்புறம் இங்கே."

"செவ்வாய்க்கிழமை மிஸ் என்ன சொல்றாங்க?"

"வரிசையா நில்லுங்க, பையையும் எடுத்துக்கோங்க."

இவ்வளவுதானா? மூன்று பள்ளிக்கூடம், இரண்டு சமூகப் பணியாளர், ஒரு மனநல மருத்துவர், இத்தனை தடிமன் கோப்பு. ஒருத்தருக்கும் இதைக் கேட்கத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை மிஸ் இம்லாக்கிடம் சொன்னாள். மிஸ் வாயில் கை வைத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து வகுப்பு முழுவதுமே பைகளைக் கொக்கியில் விட்டுவிட்டு மியூசிக் வகுப்புக்குப் போனது. அந்தச் செவ்வாய் போன் வரவில்லை. அடுத்த செவ்வாயும் வரவில்லை. ஐந்து செவ்வாய் போயிற்று.

"உன் சோத்துல நீயே மண்ணள்ளிப் போட்டுக்கிட்ட," என்றான் டாட். "என் சோத்துலயும் சேத்து."

"போட்டா போட்டுட்டுப் போறேன். இதைக் கேளு."

பின்சீட்டில் கென்ஸி சாப்பாட்டு டப்பாவைத் தட்டி புதிதாகக் கற்ற தாளத்தை வாசித்துக் காட்டினாள். பை காலடியில் கிடந்தது. நெட்டா அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தாள். மாலைகளில் லோர்னா ஏப்ரன் இல்லாமல் கதவைத் திறந்ததையும், கண் வீங்கியிருந்ததையும்கூடப் பார்த்தாள்தான். ஊர் வம்பு அத்தனையும் மோப்பம் பிடிக்கிறவள், அதை மட்டும் ஏனென்று கேட்கவில்லை.

ஆறாவது வாரம் வியாழக்கிழமை பத்து மணிக்கு கவுன்சிலிலிருந்து போன் வந்தது. முதலில் லோர்னா வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே இரண்டு கறுப்புக் குப்பைப் பைகளில் துணிகள் தயாராக இருந்தன. டாட் அவற்றை டிக்கியில் ஏற்றினான்.

"அந்த நாலாவது செவ்வாயோட பேக்கரிக்காரன் என்னை வேலையை விட்டு நிறுத்திட்டான்," என்றாள் லோர்னா. "கிடைச்சது ராத்திரி ஷிஃப்ட்தான், பீட்டர்ஹெட்ல. ராத்திரி தனியா விட்டா கவுன்சில் ஒத்துக்காது. எல்கின்ல அவளுக்கு வேற வீடு பாத்துட்டாங்க. அவகிட்ட என்னால சொல்ல முடியல நெட்டா. நாலு நாளா முயற்சி பண்ணேன்."

"யாரு சொல்லப் போறா?"

"எல்கின்ல சமூகப் பணியாளர் காத்திருக்காராம். அவர் சொல்வாராம்."

வரவேற்பறையில் மிஸஸ் மட்ச் குரலைத் தாழ்த்திப் பேசினார். அவருக்கும் வருத்தம்தான். "இப்போதான் நல்லா இருந்தா. போய்க் கூட்டிக்கிட்டு வாங்க. பையையும் எடுத்துக்கச் சொல்லுங்க."

வகுப்பில் எல்லோரும் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார்கள். மிஸ் இம்லாக் நெட்டாவைப் பார்த்ததும் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். கென்ஸி நிமிர்ந்தாள். முதலில் சிரித்தாள், பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"வா கண்ணு," என்றாள் நெட்டா.

"பை?"

நெட்டா கொக்கிப் பக்கம் பார்த்தாள். கென்ஸி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தூரிகையைக் கழுவி வைத்தாள். நாற்காலியைச் சத்தமில்லாமல் மேசைக்குள் தள்ளினாள். கொக்கிக்குப் போய் பையை எடுத்து, இரண்டு பட்டையையும் மாட்டிக்கொண்டாள்.

"எவ்வளவு சமத்தா வந்தா பாருங்க," என்றார் மிஸஸ் மட்ச், வாசல்வரை கூட வந்து. வரவேற்பறைப் பலகையில் அந்த வாரத்து எண்ணை எழுத்தர் மாற்றிக்கொண்டிருந்தாள். பழைய பூஜ்யத்தை எடுத்துவிட்டு, புதிய பூஜ்யத்தை மாட்டினாள்.