ஒரே பெயரில் இரண்டு கோப்புகள்

யோகலட்சுமி வேலைக்குச் சேர்ந்து அன்றோடு ஆறு மாதம். காரைக்குடி செக்காலை ரோட்டில் நாலு பேர் மட்டுமே உள்ள இணையதளக் கம்பெனி அது. அவள் அங்கே நிரந்தரமாவதா, சொந்த ஊரான சிங்கம்புணரிக்கு மூட்டை கட்டுவதா என்பது பதினொரு மணிக்கு வரும் மெய்யம்மை ஆச்சியின் கையில் இருந்தது. அவள் செய்த தளம் ஆச்சிக்குப் பிடித்தால் வேலை உண்டு என்று முதலாளி காசி சொல்லியிருந்தார்.

ஆச்சிக்கு வயது முப்பத்தாறுதான்; செட்டிநாட்டில் அந்த வயதிலேயே ஆச்சிதான். கோவிலூர்ப் பக்கம் பூர்வீக வீட்டை விடுதியாக்கி, கூடவே பலகாரமும் விற்கிறவர். இரண்டுக்கும் ஒரே தளம்.

தளத்தின் ஒவ்வொரு பக்கமும் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்கிற டெம்ப்ளேட் கோப்புகள் எல்லாம் ஒரே குவியலாகக் கிடந்தன. முந்தின நாள்தான் யோகா அவற்றைப் பிரித்து, விடுதிக்கு ஒரு டெம்ப்ளேட் ஃபோல்டர், பலகாரத்துக்கு ஒன்று என்று வைத்தாள். இரண்டிலும் ‘விவரம்’ என்று ஒரு கோப்பு. வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஆச்சி வந்தார். மாடி அறையின் படத்தைத் தொட்டார். வந்த பக்கத்தை நிதானமாக வாசித்தார்.

"மாடி அறை. பதினைந்து நாள் கெடாது. காற்றுப் புகாத டப்பாவில் வைக்கவும்."

காசி மின்விசிறியைப் பார்த்தார்.

"தங்க வர்றவுகள டப்பாவுலயா வைக்கச் சொல்றீக?" என்றார் ஆச்சி.

சரிசெய்ய யோகா இருபது நிமிடம் அவகாசம் கேட்டாள். ஆச்சி டீ கேட்டார்.

பக்கத்து நாற்காலி முத்தரசுவுக்குக் குஷி. "ஆச்சி வீட்டு விசேஷத்துல முத்தப்பான்னு கூப்பிட்டா எத்தன பேரு திரும்புவாக?"

"ஒன் சோலியப் பாரு," என்றவளின் கை அப்படியே நின்றது. ஆச்சி வீட்டு வரலாற்றுப் பக்கத்தைத் தட்டச்சு செய்தவளே அவள்தான். அதில் நாலு முத்தப்பன். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் அவரவர் வீட்டு விலாசம், அதாவது முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள். அதை வைத்துத்தான் ஆளைப் பிரிக்க முடிந்தது.

கோப்பு எந்தப் பகுதியில் இருக்கிறது என்று மென்பொருள் பார்ப்பதில்லை. எல்லா டெம்ப்ளேட் ஃபோல்டர்களையும் வரிசையாகத் துழாவி, கேட்ட பெயரில் முதலில் அகப்பட்டதை எடுத்துக்கொள்கிறது. வரிசையில் பலகாரம் முந்திக்கொண்டது.

விடுதியின் டெம்ப்ளேட் ஃபோல்டருக்குள் ‘விடுதி’ என்று இன்னொரு ஃபோல்டர் போட்டு, கோப்புகளை அதற்குள் தள்ளினாள். பலகாரத்துக்கும் அப்படியே. வெறும் ‘விவரம்’ என்று அழைத்த இடங்களை எல்லாம் தேடி ‘விடுதி/விவரம்’, ‘பலகாரம்/விவரம்’ என்று மாற்றினாள். பதினொரு இடம். பதினெட்டாவது நிமிடம் ஆச்சியைக் கூப்பிட்டாள்.

மாடி அறையில் இரண்டு கட்டிலும் ஒரு குளியலறையும் வந்தன. ஆச்சி எல்லா அறைகளையும், பிறகு எல்லாப் பலகாரங்களையும் விடாமல் தொட்டுப் பார்த்தார்.

"கல்யாண மண்டபமும் வாடகைக்கு விடப்போறேன். அதையும் இதுல சேக்கணும். இந்தப் பிள்ளையே செய்யட்டும்."

காசி, அப்படியானால் திங்கட்கிழமையும் வந்துவிடு என்று யோகாவிடம் சொன்னார். அவள் தலையாட்டினாள். கை அதற்குள் ‘மண்டபம்’ என்று ஒரு ஃபோல்டரைத் திறந்திருந்தது.